அலுவலக அணியாக அரை மராத்தான் ஓட: ஆகஸ்டில் தொடங்கி ஜனவரி வரை, படிப்படியாக

சென்னை மராத்தான் பெரும்பாலும் ஜனவரி முதல் அல்லது இரண்டாம் வார இறுதியில் நடக்கும். 10 கி.மீ., 21.1 கி.மீ. (அரை மராத்தான்), 32.186 கி.மீ., 42.195 கி.மீ. என நான்கு தூரங்கள். ஓர் அலுவலகத்திலிருந்து பத்துப் பேர் 21.1 கி.மீ. ஓடக் கிளம்புகிறார்கள், அவர்களில் ஆறேழு பேர் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு ஓடியதே இல்லை என்று வைத்துக்கொண்டு இதை எழுதியிருக்கிறோம். ஜனவரியில் போட்டி என்றால் ஆகஸ்ட் நடுவில் தொடங்க வேண்டும். இருபது வாரம் தேவை. அவ்வளவு நாள் கையில் இல்லையென்றால் 10 கி.மீ.க்குப் பதிவு செய்யுங்கள், அதில் எந்தக் குறைவும் இல்லை.

1. ‘சேர்ந்து ஓடுவது’ என்றால் என்ன என்று முதலில் பேசி முடியுங்கள்

இதைப் பேசாமலே பதிவுக் கட்டணம் கட்டிவிடுகிறார்கள். பிறகு போட்டி நாளில், ஐந்தாவது கிலோமீட்டரில், “நீ போ, நான் வர்றேன்” என்று ஒருவரை ஒருவர் சங்கடத்தோடு பார்த்துக்கொள்கிறார்கள்.

மூன்று வழிகள் உண்டு. தொடக்கம் முதல் முடிவு வரை பத்துப் பேரும் ஒரே கூட்டமாக ஓடலாம். பயிற்சியை மட்டும் சேர்ந்து செய்துவிட்டுப் போட்டியில் அவரவர் வேகத்தில் போகலாம். அல்லது ஒத்த வேகம் உள்ளவர்கள் இரண்டு, மூன்று பேராகச் சேர்ந்து ஓடலாம். மூன்றாவதைத்தான் நாங்கள் சொல்வோம். ஒரே கூட்டமாகப் போனால், கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 30 விநாடியில் ஓடக்கூடியவர் 8:30 வேகத்தில் மூன்று மணி நேரம் காலை அடக்கிக்கொண்டே ஓட வேண்டும். அவருடைய நடையே மாறிப்போய் இடுப்பும் முழங்காலும் வலிக்கும். மெதுவாக ஓடுபவரோ தன்னால் எல்லோரும் காத்திருக்கிறார்களே என்று மூச்சு வாங்க ஓடுவார். இருவருக்குமே நஷ்டம்.

ஒரு விதியை மட்டும் மாற்றாதீர்கள்: கடைசி ஜோடி என்று ஒன்று இருக்க வேண்டும், கடைசி ஆள் என்று ஒருவர் இருக்கக் கூடாது. மிக மெதுவாக ஓடுபவரோடு, மனதாரச் சம்மதித்த ஒருவர் முழுத் தூரமும் வர வேண்டும். அவர் யார் என்பதைக் கடைசி வாரத்தில் தேடாமல் அக்டோபரிலேயே முடிவு செய்துவிடுங்கள். அந்த இருவரின் பயிற்சியும் அதற்கேற்ப அமைய வேண்டும்.

இதே கூட்டத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள்: வருவதும் வராததும் அவரவர் விருப்பம். மேலாளர் அணியில் இருந்தால், இதை அவர் வாயால் சொல்வது நல்லது. “சார் கூப்பிட்டாரே” என்று வருபவர்தான் வலியை மறைத்துக்கொண்டு ஓடுவார்.

2. ஓடாத ஒருவரை ஒருங்கிணைப்பாளராக வையுங்கள்

ஓடுபவரே தண்ணீர் கேனையும் தூக்கி, பணக் கணக்கையும் பார்த்து, வராதவருக்குப் போனும் போட்டால் எட்டாவது வாரத்தில் எல்லாம் நின்றுவிடும். ஓட விருப்பமில்லாத, ஆனால் அதிகாலையில் எழக்கூடிய ஒருவர் எல்லா அலுவலகத்திலும் இருப்பார். அவரைக் கேளுங்கள். அவர் கையில் இருக்க வேண்டியவை: ஒவ்வொருவரின் இரத்த வகை, ஒவ்வாமை, தினமும் எடுக்கும் மருந்து, வீட்டில் தொடர்புகொள்ள வேண்டியவரின் எண். இவை தனித்தாளில் அவரிடம் மட்டும் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் யாருடைய எடையும் நோயும் வரக் கூடாது.

3. பதிவு

பதிவுப் படிவத்தில் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். பிப் (சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டை) வாங்கும்போது அதைத்தான் பார்ப்பார்கள். நிறுவனம் கட்டணம் கட்டுகிறது என்றால், அதன் ஜிஎஸ்டி எண்ணைப் பதிவின்போதே கொடுங்கள். ரசீது வந்த பிறகு மாற்றுவது பெரும்பாடு. டி-சட்டை அளவை ஆளாளிடம் கேட்டே எழுதுங்கள். கட்-ஆஃப் நேரத்தை, அதாவது ஓட்டத்தை முடிக்க வேண்டிய கடைசி நேரத்தை, போட்டியின் விதிகளில் தேடிப் படியுங்கள். அரை மராத்தானுக்கு அது மூன்று மணி நேரம் என்றால் கிலோமீட்டருக்கு 8:30 வேகம் வேண்டும். 9 நிமிடத்தில் போனால் 3 மணி 10 நிமிடம் ஆகும்.

அலுவலகங்களில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. ஒருவருக்குக் கடைசி நேரத்தில் வர முடியவில்லை, “பிப் வீணாகப் போகிறதே” என்று இன்னொருவர் அதைக் குத்திக்கொண்டு ஓடுவார். அந்த எண்ணில் பதிவாகியிருக்கும் இரத்த வகையும் அவசரத் தொடர்பும் வேறொருவருடையவை. இவர் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழு தவறான வீட்டுக்குப் போன் செய்யும், தவறான ஒவ்வாமைத் தகவலைப் படிக்கும். பணம் போனால் போகட்டும், பிப் கைமாறக் கூடாது.

4. பயிற்சிக்கு முன் உடல்நிலை

‘பார்-க்யூ’ என்று ஏழு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உண்டு. இதய நோய், நெஞ்சுவலி, மயக்கம், எலும்பு-மூட்டுத் தொல்லை, இரத்த அழுத்த மருந்து போன்றவற்றைக் கேட்கும். ஒரு கேள்விக்கு ‘ஆம்’ என்றாலும் மருத்துவரைப் பார்த்த பிறகுதான் ஷூ மாட்ட வேண்டும். நாற்பது வயது தாண்டியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், வீட்டில் இளம் வயதிலேயே யாருக்காவது மாரடைப்பு வந்திருப்பவர்கள், எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்றாலும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

சிறுநீர் அதிகம் பிரியும் இரத்த அழுத்த மாத்திரையோ, இன்சுலினோ எடுப்பவர்கள் ஓடும் நாளில் அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

5. ஷூ

மாலையில் போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸையே போட்டுக்கொண்டு நின்று பாருங்கள். நீளமான விரலுக்கும் ஷூ நுனிக்கும் நடுவில் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அன்றாடச் செருப்பைவிட அரை அளவோ ஓர் அளவோ பெரிதாக வரும். இந்த இடம் இல்லையென்றால் பதினைந்து கிலோமீட்டரில் நகம் கறுக்கத் தொடங்கும்.

ஒரு ஜோடி சுமார் 500 முதல் 800 கி.மீ. தாங்கும். ஆகஸ்டில் வாங்கியது ஜனவரி வரை போதும். தீபாவளித் தள்ளுபடியிலோ, போட்டிக்கு முன் நடக்கும் எக்ஸ்போ கண்காட்சிக் கடையிலோ வாங்கிய புதியதைப் போட்டி நாளில் போடாதீர்கள். பருத்தி பனியன், பருத்தி சாக்ஸ் இரண்டும் வேண்டாம். சென்னை ஈரக்காற்றில் அவை நனைந்து காயாமல் தோலை அறுக்கும். அக்குள், உள்தொடை, ஆண்களுக்கு மார்புக்காம்பு, பெண்களுக்கு பிராவின் கீழ்ப்பட்டை உரசும் இடம் என எல்லாவற்றிலும் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். பெண்கள் நல்ல ஸ்போர்ட்ஸ் பிராவுக்குச் செலவு செய்யத் தயங்க வேண்டாம். ஷூவுக்கு அடுத்து முக்கியமானது அதுதான்.

6. இருபது வாரத் திட்டம்

வாரத்துக்கு நான்கு நாள் போதும். செவ்வாய், வியாழன் அவரவர் வீட்டுப் பக்கத்தில் 30 முதல் 50 நிமிடம். சனிக்கிழமை 20 நிமிடம் தசைப் பயிற்சி: ஸ்குவாட் (உட்கார்ந்து எழுதல்), படியில் குதிகால் உயர்த்தல், பிளாங்க் (முழங்கையிலும் கால்விரலிலும் உடலை நேராகத் தாங்குதல்). ஞாயிறு எல்லோரும் சேர்ந்து லாங் ரன், அதாவது அந்த வாரத்தின் நீண்ட ஓட்டம். இரவுப் பணி செய்பவர்கள் வேலை முடிந்த கையோடு லாங் ரன்னுக்கு வரக் கூடாது. தூங்கி எழுந்து அன்று மாலையோ மறுநாளோ ஓடட்டும்.

ஞாயிறு தூரம், கிலோமீட்டரில்:

முதல் நான்கு வாரம்: 4, 5, 6, 5
அடுத்த நான்கு: 7, 8, 9, 7
அடுத்த நான்கு: 10, 11, 12, 9
அடுத்த நான்கு: 13, 14, 15, 11
கடைசி நான்கு: 16, 18, 10, போட்டி

நான்காவது வாரம்தோறும் தூரம் குறைவதைப் பார்த்து, “நல்லாத்தானே போய்க்கிட்டிருக்கு, எதுக்குக் குறைக்கணும்?” என்று யாராவது கேட்பார். மூச்சும் இதயமும் ஒன்றிரண்டு மாதத்தில் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் பழக அதைவிட அதிக நாள் எடுக்கும். அந்த இடைவெளியில்தான் கணைக்கால் எலும்பு வலியும் குதிகால் வலியும் வருகின்றன. குறைக்கும் வாரம் எலும்புக்கான வாரம்.

போட்டிக்கு முன் 21 கி.மீ. முழுதாக ஓடிப் பார்க்கத் தேவையில்லை. 18 ஓடியவர் மீதி மூன்றையும் ஓடிவிடுவார். பயிற்சியிலேயே 21 ஓடியவருக்குக் களைப்பு தீர நாள் போதாது.

தொடக்கக்காரர்கள் ஓட்டத்தையும் நடையையும் கலந்து செய்ய வேண்டும். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே பரப்பிய முறை இது. முதல் வாரம் 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. நான்காம் வாரத்துக்குள் 2-க்கு 1. எட்டாம் வாரத்துக்குள் 4-க்கு 1. களைத்த பிறகு நடப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. முதல் நடை இடைவெளியை, கால் புத்துணர்ச்சியாக இருக்கும்போதே, மணி அடித்தவுடன் எடுக்க வேண்டும். கணக்கைப் பாருங்கள்: 4 நிமிடம் 7:30 வேகத்தில் ஓடி, 1 நிமிடம் 10:30 வேகத்தில் நடந்தால், சராசரி சுமார் 7:57. அதே வேகத்தில் 21.1 கி.மீ. 2 மணி 48 நிமிடத்தில் முடிந்துவிடும். நடக்க வெட்கப்பட்டு ஒரே மூச்சாக ஓடிப் பதினாறாவது கிலோமீட்டரில் தசை பிடித்துக்கொண்டு நிற்பவரைவிட இவர் முன்னால் போவார்.

சரியான வேகம் எது என்று தெரிந்துகொள்ள கடிகாரம் தேவையில்லை. பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். “ஆமா”, “ம்” என்று மட்டும் பதில் வந்தால் வேகம் கூடிவிட்டது. சேர்ந்து ஓடுவதில் இது ஒரு பெரிய வசதி, பேச்சே அளவுகோல்.

ஓட்டச் செயலியில் யார் அதிகக் கிலோமீட்டர் ஓடினார் என்று பட்டியல் போடும் வழக்கம் அலுவலகங்களில் உண்டு. வேண்டாம். இரண்டாம் இடத்தில் இருப்பவர் முதலிடத்துக்காக ஓய்வு நாளிலும் ஓடுவார், மூன்றாம் வாரம் பிசியோதெரபிஸ்ட்டிடம் இருப்பார். பட்டியல் வேண்டும் என்றால், திட்டத்தில் உள்ள நாட்களில் எத்தனை நாள் வந்தார் என்பதைப் போடுங்கள்.

7. ஞாயிறு லாங் ரன்னை நடத்தும் முறை

போய்த் திரும்பும் பாதை வேண்டாம். இரண்டரை அல்லது மூன்று கிலோமீட்டர் சுற்றுப்பாதை தேர்ந்தெடுங்கள். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைச் சாலையும் அதையொட்டிய அவென்யூக்களும் இதற்கு வசதி. சுற்றுப்பாதையில் வேகமானவரும் மெதுவானவரும் ஒரே தண்ணீர் மேசைக்குத் திரும்பத் திரும்ப வருவார்கள். 6 கி.மீ. ஓடுபவரும் 12 ஓடுபவரும் ஒன்றாகத் தொடங்கலாம். யாருக்கு முடியவில்லையோ அவர் மேசையில் நின்றுவிடலாம். நேர்பாதையில் போனால், முடியாதவர் பழைய மகாபலிபுரம் சாலையில் எங்கோ ஆட்டோ தேடிக்கொண்டிருப்பார்.

காலை 5 மணிக்குத் தொடங்குங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் ஏழு மணிக்கு மேல் வெயிலும் ஈரப்பதமும் சேர்ந்து வேர்வையை உலர விடாது. வேர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். அந்த மாதங்களில் வேகம் குறைவதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். அதே முயற்சிக்கு ஜனவரியில் தானாகவே வேகம் கூடும்.

பத்துப் பேர், இரண்டு மணி நேரம் என்றால் மேசையில் இருக்க வேண்டியவை: 12 லிட்டர் தண்ணீர், அதில் பாதியில் ஓஆர்எஸ் (6 பாக்கெட்), 15 வாழைப்பழம், ஐஸ்பெட்டியில் 2 கிலோ ஐஸ், இரண்டு சிறு துண்டு, எவர்சில்வர் டம்ளர்கள், வாசலின், பிளாஸ்டர், கிரேப் பேண்டேஜ். இருட்டில் ஓடும்போது வெளிர் நிறச் சட்டையும் ஒளிரும் பட்டையும் வேண்டும். எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி சாலையின் வலப்பக்கம், ஒற்றை வரிசையில். பேசுவதற்காக மூன்று பேர் பக்கவாட்டில் ஓடுவதால்தான் வண்டி உரசுகிறது.

தெருநாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடக்கத் தொடங்குங்கள். பெரும்பாலும் விட்டுவிடும். கடித்தாலோ கீறினாலோ, காயம் சிறிதாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ரேபிஸ் தடுப்பூசிக்குப் போக வேண்டும்.

விடியும் முன் வந்து சேர வேண்டிய பெண்களை ஆளில்லாத இடத்தில் காத்திருக்க விடாதீர்கள். வண்டியில் அழைத்து வரும் ஏற்பாட்டை ஒருங்கிணைப்பாளர் சனிக்கிழமை இரவே உறுதி செய்ய வேண்டும். பாதையில் கழிப்பறை எங்கே, எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதையும் முன்பே பார்த்துவையுங்கள்.

சென்னை தட்டையான ஊர். ஏற்றம் என்றால் பாலம்தான். மாதம் இருமுறை, நடைபாதை உள்ள ஒரு பாலத்தில் நான்கைந்து தடவை ஏறி இறங்குங்கள். ஏறும்போது அடியைச் சிறிதாக்கி, பார்வையைப் பத்தடி தூரத்தில் வையுங்கள். போட்டியில் மேம்பாலம் வந்தால் கால் திடுக்கிடாது.

8. தண்ணீர், உப்பு, சாப்பாடு

ஒவ்வொருவரும் தன் வேர்வை அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும் பின்னும், துடைத்துக்கொண்டு, குறைந்த உடையில் எடை பாருங்கள். முன்பு 72.0 கிலோ, பிறகு 71.2, நடுவில் குடித்தது 300 மி.லி. என்றால் இழப்பு 1.1 லிட்டர். இழந்ததை எல்லாம் ஓடும்போதே ஈடுகட்டத் தேவையில்லை. மணிக்கு 400 முதல் 700 மி.லி. வரை, தாகத்தைப் பார்த்துக் குடித்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

அதிகம் குடிப்பதும் ஆபத்துதான். மெதுவாக ஓடுபவர்கள் ஒவ்வொரு மேசையிலும் நின்று இரண்டு, மூன்று டம்ளர் வெறும் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். தலைவலி, வாந்தி, விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, குழப்பம் எல்லாம் அதன் அடையாளங்கள். ஓட்டத்துக்குப் பிறகு எடை கூடியிருந்தால் குடித்தது அதிகம் என்று அர்த்தம்.

ஓஆர்எஸ் கலப்பதில் எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். உலக சுகாதார நிறுவன முறைப்படி தயாரித்த பெரிய பாக்கெட் 1 லிட்டர் தண்ணீருக்கானது. அதில் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். கையில் இருப்பது அரை லிட்டர் பாட்டில் என்று முழுப் பாக்கெட்டையும் அதில் கொட்டினால் உப்பு இரட்டிப்பாகி, வயிற்றைப் புரட்டும். வீட்டில் ஒரு லிட்டர் அளந்து கலந்துவிட்டு, பிறகு பாட்டில்களில் ஊற்றுங்கள். ஓஆர்எஸ் போலவே அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் வேறு. பின்பக்கம் திருப்பி அளவுகளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மேலே உள்ள அளவைப் பார்த்தால் இன்னொன்றும் புரியும். லிட்டருக்கு 13.5 கிராம் சர்க்கரை என்பது ஓட்டத்துக்கான சக்திக்குக் காணாது. 90 நிமிடத்தைத் தாண்டும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம், ஒரு எனர்ஜி ஜெல்லில் பொதுவாக 20 முதல் 25 கிராம். பேரீச்சை, வெல்லத் துண்டு, குளுக்கோஸ் பிஸ்கட் எதுவானாலும் சரி, போட்டியில் சாப்பிடப்போவதை லாங் ரன்னில் மூன்று தடவையாவது சாப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். கடலை மிட்டாயை ஓடும்போது எடுக்காதீர்கள். கொழுப்பு மெதுவாகச் செரிக்கும், மூச்சு வாங்கும்போது கடலைத் துகள் தொண்டையில் சிக்கும்.

9. அக்டோபர் முதல் டிசம்பர் வரை

வடகிழக்குப் பருவமழை திட்டத்தைக் குலைக்கும் என்பதை முன்பே ஏற்றுக்கொள்ளுங்கள். தூறலில் ஓடலாம். தேங்கிய தண்ணீரில் ஓடக் கூடாது. கீழே திறந்த குழியும் மின்கசிவும் இருக்கலாம். ஒரு ஞாயிறு போய்விட்டால் அடுத்த வாரம் விட்ட தூரத்தையே ஓடுங்கள். இரண்டையும் கூட்டி ஓடுபவருக்குத்தான் காயம் வரும்.

டெங்கு, வைரல் காய்ச்சல் பருவமும் இதுவே. மூக்கு ஒழுகுவதோடு நின்றால் மெதுவாக ஓடலாம். காய்ச்சலோ, உடம்புவலியோ, நெஞ்சுச்சளியோ இருந்தால் ஓடக் கூடாது. காய்ச்சலோடு ஓடுவது இதயத் தசையைப் பாதிக்கலாம். டெங்கு வந்து போனவர் மருத்துவர் சொன்ன பிறகே திரும்ப வேண்டும்.

அலுவலகத்தில் இரத்த தான முகாம் டிசம்பரில் வந்தால், அணியினர் போட்டிக்குப் பிறகு கொடுப்பதாகச் சொல்லிவிடுங்கள். திரவம் ஓரிரு நாளில் ஊறிவிடும், சிவப்பணுக்கள் நிரம்பச் சில வாரங்கள் ஆகும்.

10. கடைசி இரண்டு வாரம்

18 கி.மீ. ஓடி முடித்த பிறகு உடலைத் தேற்றுவது மட்டுமே வேலை. வார நாட்களில் ஓடும் நாள் அப்படியே இருக்கட்டும், நேரம் பாதியாகட்டும். விட்டுப்போன பயிற்சியை இந்த இரண்டு வாரத்தில் நிரப்ப முயல்பவர்கள் களைப்போடு போய் நிற்பார்கள்.

போட்டிக்கு முதல் நாள் இரவு அணிக்கு விருந்து வைப்பது பல அலுவலகங்களில் வழக்கம். பஃபேயில் பிரியாணி, பனீர், சாலட் எல்லாம் இருக்கும். அன்பான எண்ணம்தான், ஆனால் காலை நான்கு மணிக்குக் கழிப்பறை வரிசையில் அதன் பலன் தெரியும். விருந்தைப் போட்டிக்குப் பிறகு வையுங்கள். முதல் நாள் மதியமே வயிறார சோறு சாப்பிட்டுவிட்டு, இரவு ஏழரைக்குள் இட்லி அல்லது தயிர்சாதம் என்று எளிதாக முடித்துக்கொள்ளுங்கள். சுண்டல், கீரை, பச்சைக் காய்கறி வேண்டாம்.

அன்று இரவு தூக்கம் வராது. அதற்கு முந்தைய இரவு நன்றாகத் தூங்கியிருந்தால் போதும்.

11. பிப் குத்துவது முதல் வரிசையில் நிற்பது வரை

பிப்பை இரவே சட்டையில் குத்துங்கள். சட்டையைத் தரையில் விரித்துக் குத்தினால், உடம்பில் போட்டதும் இழுத்து மடங்கும். சட்டையைப் போட்டுக்கொண்டு, இன்னொருவர் நான்கு மூலையிலும் ஊக்கு குத்த வேண்டும். ஓடும் நேரத்தைப் பதிவு செய்யும் டைமிங் சிப் பிப்பின் பின்னால் ஒட்டியிருந்தால் அதை மடக்காதீர்கள், மேலே பெல்ட் மறைக்காமல் பாருங்கள். பின்பக்கம் அவசர எண்ணைப் பேனாவால் எழுதுங்கள்.

தொடக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு இட்லியைச் சர்க்கரை தொட்டுச் சாப்பிடுங்கள், அல்லது ஒரு வாழைப்பழமும் இரண்டு ரொட்டியும். சாம்பாரும் சட்னியும் வேண்டாம். சாலைகள் மூடப்படுவதால் கார் கடைசி வரை போகாது. மெட்ரோவின் வழக்கமான முதல் ரயில் உங்களுக்குத் தாமதமாகலாம். அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, ஒரு வேனில் எல்லோரும் சேர்ந்து வருவதே நல்லது. சந்திக்கும் இடத்தை ஒரு சிலை, ஒரு கம்பம் என்று கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தால் சொல்லுங்கள். அந்தக் கூட்டத்தில் போன் சரியாக எடுக்காது. குழுப் படம் எடுப்பதை 30 நிமிடத்துக்கு முன்பே முடித்துவிட்டுக் கழிப்பறை வரிசைக்குப் போங்கள்.

ஆளுக்கு ஆள் தொடக்கக் கோட்டைத் தாண்டும் நேரம் மாறும். உங்கள் சிப் நேரம் நீங்கள் கோட்டைத் தாண்டும்போதுதான் ஆரம்பமாகும், அதனால் முண்டியடிக்க வேண்டாம். கட்-ஆஃப் மட்டும் எந்த நேரத்திலிருந்து கணக்காகிறது என்று விதியில் பாருங்கள்.

12. ஓடும்போது

முதல் மூன்று கிலோமீட்டர், திட்டமிட்ட வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு 15 முதல் 20 விநாடி மெதுவாகப் போங்கள். மேளச் சத்தமும் கூட்டமும் காலைத் தள்ளும். அப்போது மிச்சம் பிடித்தது பதினேழாவது கிலோமீட்டரில் கைகொடுக்கும். கைக்கடிகாரம் காட்டும் தூரம் சாலையோரக் கிலோமீட்டர் பலகையைவிடச் சற்று அதிகமாக வரும், வளைவுகளை நாம் அகலமாகத் திரும்புவதால். பலகையை நம்பி ஓடுங்கள்.

தண்ணீர் தரும் இடத்தில் வரிசையாக இருக்கும் மேசைகளில் முதலாவதில்தான் நெரிசல் இருக்கும். நான்காவது, ஐந்தாவது மேசைக்குப் போங்கள். காகிதக் கோப்பையின் விளிம்பை இரண்டு விரலால் அழுத்தி மூக்கு போல் ஆக்கி, பத்தடி நடந்தபடியே சிறு மிடறாகக் குடியுங்கள். முழு வாயோடு அண்ணாந்து ஊற்றினால் மூச்சுக்குழாயில் ஏறும். குடித்த கோப்பையைத் தொட்டியில் போடுங்கள். சாலையில் கிடக்கும் ஈரக் கோப்பை பின்னால் வருபவரை வழுக்கிவிடும்.

பதினாறு, பதினேழில் ஜோடியில் ஒருவர் பேசுவதை நிறுத்திவிடுவார். மற்றவர் “இன்னும் கொஞ்சம்தான்” என்று இழுக்காமல், ஒரு நடை இடைவெளியை இரண்டு நிமிடமாக்கி, கையில் இருக்கும் பழத்தையோ ஜெல்லையோ கொடுத்து, தண்ணீரும் குடிக்க வைக்க வேண்டும். பத்து நிமிடத்தில் பெரும்பாலும் பேச்சு திரும்பிவிடும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை ஓடுவதற்கு முன்போ நடுவிலோ போடாதீர்கள். நீர் வற்றிய நேரத்தில் சிறுநீரகத்துக்குக் கேடு.

13. கூட ஓடுபவருக்கு ஏதாவது ஆனால்

பெயர், கிழமை, எந்தக் கிலோமீட்டர் என்று கேளுங்கள். சரியாகச் சொல்லி, தலைசுற்றல் மட்டும் என்றால் நிழலில் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். பதில் உளறலாக இருந்தாலோ, தள்ளாடினாலோ, காரணமில்லாமல் கோபப்பட்டாலோ வெப்பத் தாக்குதலாக இருக்கலாம். உடனே மருத்துவக் குழுவை அழையுங்கள், 108-க்குப் போன் செய்யுங்கள். வண்டி வரும்வரை காத்திருக்காமல் குளிர்விக்கத் தொடங்குங்கள். உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், கவட்டில் ஐஸ் வையுங்கள். நினைவு சரியில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

விழுந்தவர் அசைவில்லாமல், மூச்சு இயல்பாக இல்லாமல் இருந்தால், மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ.க்குக் குறையாமல் 6 செ.மீ.க்கு மிகாமல் அழுத்த வேண்டும். அணியில் குறைந்தது இரண்டு பேர் இதைப் பொம்மையில் பழகியிருக்க வேண்டும். இருபது வாரத்தில் ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள்.

14. முடித்த பிறகு

கோட்டைத் தாண்டியதும் உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள். சட்டென்று நின்றால் இரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும். அரை மணி நேரத்துக்குள் ஓஆர்எஸ் அல்லது உப்பு போட்ட மோர், ஒரு பழம். ஒரு மணி நேரத்துக்குள் இட்லி, பொங்கல், முட்டை என்று வயிறு கேட்பதைக் கொடுங்கள். ஒருங்கிணைப்பாளர் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக டிக் செய்ய வேண்டும், பத்தாவது ஆளும் வரும்வரை வேன் கிளம்பக் கூடாது.

அடுத்த இரண்டு நாள் படியிறங்கும்போது தொடை வலிப்பது இயல்பு. சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால், அல்லது ஒரே இடத்தில் விரலால் தொட்டால் சுளீரென வலித்தால், மருத்துவரிடம் போங்கள். திங்கட்கிழமை காலைக் கூட்டங்களை முடிந்தால் மதியத்துக்கு மாற்றுங்கள். ஒரு வாரம் ஓட்டம் வேண்டாம், நடை போதும். ஷூவின் உள்பட்டையைக் கழற்றி, உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, வெயில் நேராகப் படாத இடத்தில் காய வையுங்கள்.